‘அம்மா’வை ‘எம் கே செமிகோலன்’ என்று வாசிக்கும் கணினி

பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நாங்கள் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்த செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். கிராமத்துப் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்கான செயலி அது. முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும், பழைய போனிலும் ஓட வேண்டும், சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் நிரப்பியது அழியக்கூடாது என்று ஒவ்வொன்றாக யோசித்துச் செய்திருந்தோம். யாரும் விடுபடக்கூடாது என்பதுதான் முதல் நாள் நாங்கள் பேசிக்கொண்டது.

அண்ணன் போனில் டாக்பேக் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் திரைவாசிப்பான் அது. விரலால் வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் திரையில் அடுத்து இருப்பதை வாசிக்கும், இரண்டு முறை தட்டினால் அதைத் திறக்கும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசுவது எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவரோ அதைக் கேட்டுக்கொண்டே என்னோடும் பேசுவார். எங்கள் செயலியைத் திறந்தார். ஒரு தள்ளு தள்ளினார். ‘அன்லேபிள்டு, பட்டன்’ என்றது, பெயரிடாத பட்டன் என்று பொருள். அடுத்ததற்குப் போனார், அதுவும் ‘அன்லேபிள்டு, பட்டன்’. முகப்பில் ஆறு அழகான படங்கள் வைத்திருந்தோம், ஆறுக்கும் அதே பதில்.

“ஏல, எல்லாத்தையும் பட்டன் பட்டன்னு சொல்லுது, என்ன பட்டன்னு சொல்ல மாட்டேங்கே” என்றார்.

சரி, நானே சொல்லிக்கொடுத்து உள்ளே போனோம். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் ஒரு நாட்காட்டி திறந்தது. அது நடப்பு மாதத்தில் நிற்கும், பின்னால் போக ஒரு அம்புக்குறி, அதற்கும் பெயர் கிடையாது. 2008இல் பிறந்த ஒரு பிள்ளையின் தேதியைக் கொடுக்க ஒவ்வொரு மாதமாகப் பின்னால் நடக்க வேண்டும். அதை எப்படியோ தாண்டி, கடைசியில் சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தினார். போன் ஒன்றும் பேசவில்லை. மறுபடி அழுத்தினார். நான்கு முறை அழுத்திவிட்டு, “போயிட்டால?” என்று கேட்டார். போகவில்லை. வருமானச் சான்றிதழ் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்திருந்தது, அதற்கு நாங்கள் அந்தப் பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்கியிருந்தோம், அவ்வளவுதான் செய்திருந்தோம். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் ஓடிபிக்கான நேரம் முடிந்துபோனது.

அண்ணன் கோபப்படவில்லை. வங்கிச் செயலியிலிருந்து ரயில் டிக்கெட் வரைக்கும் தினமும் படும் பாடு என்பதால் அவருக்கு அது பழகியிருந்தது. அந்தப் பழக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை, நிரலைத்தான் பார்க்கிறது. படத்தை வைத்து ஒரு பட்டன் செய்தால், அது என்ன வேலை செய்யும் என்று நிரலில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் பட்டன் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். திரும்பி வந்து எல்லாப் பட்டனுக்கும் பெயர் வைக்க எங்களுக்கு ஒரு மதியம்தான் ஆனது. ஆனால் பெயர் வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. பூதக்கண்ணாடிப் படம் போட்ட பட்டனுக்குக் குழுவில் ஒருவர் ‘பூதக்கண்ணாடி’ என்றே எழுதினார். கேட்பவருக்கு அங்கே என்ன படம் என்பது தேவையில்லை, அழுத்தினால் என்ன நடக்கும் என்பதுதான் தேவை. அப்புறம் அதை ‘தேடுக பட்டன்’ என்று மாற்றினோம், அது ‘தேடுக பட்டன், பட்டன்’ என்று வாசித்தது, பட்டன் என்பதை டாக்பேக் தானே சேர்த்துக்கொள்ளும். கடைசியில் ‘தேடுக’ என்று மட்டும் வைத்தோம்.

நாட்காட்டியை எடுத்துவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள் வைத்தோம். பிழை வந்தால் ‘ஒரு இலக்கம் குறைகிறது’ என்று சொல்லாகவே எழுதி, அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினோம். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அந்தச் சிவப்பு ஓரம் ஒன்றும் சொல்லியிருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பார்வையற்றவர்கள் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று குழுவில் ஒரு கேள்வி வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல். ஆனால் நான் அந்தக் கணக்கைச் சொல்லி வாதாடவில்லை. விண்ணப்பிக்கத் தகுதியுள்ள ஒரே ஒரு பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டாலும் அது எங்கள் தவறு என்றுதான் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன்.

கணினியில் அண்ணன் என்விடிஏ பயன்படுத்துகிறார். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கிய விண்டோஸ் திரைவாசிப்பான் அது, இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. திரைவாசிப்பான் என்றால் கணினியைவிட அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில், இலவசமாக, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக அதைக் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் தமிழாக்கம் செய்திருப்பதால் இன்று அதன் பட்டியல்களும் செய்திகளும் தமிழிலேயே கிடைக்கின்றன. தமிழைப் பேசும் குரலும் அதிலேயே உண்டு. கேட்க இயந்திரம் போலத்தான் இருக்கும், ஆனால் வேகமாக ஓடவிட்டாலும் சொல் சிதையாது என்று அண்ணன் அதைத்தான் விரும்புகிறார்.

இவ்வளவு இருந்தும் அவருக்கு வரும் சுற்றறிக்கைகளில் பாதியைப் பக்கத்து மேசை ஆசிரியர்தான் படித்துச் சொல்கிறார். ஒன்று, தாளை ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார்கள், அதில் எழுத்தே இருக்காது, வெறும் படம்தான். இல்லையென்றால் பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் நம் கண்ணுக்குத்தான் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று அதில் அடித்திருந்தால் கணினிக்கு அது எம், கே, செமிகோலன், கே, எச். அதைத்தான் அது வாசிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றுதான் காதில் விழும். தமிழாசிரியர் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

யூனிகோடு என்பது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் குறியீட்டுமுறை, அதில் அடித்தால் கணினிக்கும் அது தமிழ்தான். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரம். இத்தனை வருடம் கழித்தும் பழைய எழுத்துருவில் கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யூனிகோடில் அடித்ததையும் பிடிஎஃப் ஆக்கும்போது பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன, பார்க்கச் சரியாக இருக்கும், வாசிக்கச் சொன்னால் குழறும். பிடிஎஃப் கூடவே மூலக் கோப்பையும் அனுப்பினால் போதும். இதைச் செய்யப் பணம் ஒன்றும் தேவையில்லை, அனுப்புபவருக்கு யாராவது எடுத்துச் சொன்னாலே போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பமும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஏப்ரல் 30, 2025 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் வங்கியின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் படும் சிரமத்தைச் சொல்லித் தொடுத்த வழக்குகள் அவை. உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்கிறது கேமரா. இமையே சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? சிமிட்டுவது ஒன்றை மட்டும் நம்பாமல் வேறு வழிகளும் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளை நீதிமன்றம் பிறப்பித்தது.

அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எங்கள் செயலியின் புகைப்படப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. போன மாதம் திருத்திய பதிப்பை அண்ணனுக்கு அனுப்பினேன். மாதிரி விண்ணப்பம் ஒன்றை யாரிடமும் கேட்காமல் 11 நிமிடத்தில் நிரப்பிவிட்டார், பிழை வந்த இடத்தையும் தானே திருத்திக்கொண்டார். போட்டோ மட்டும் அண்ணி எடுத்துக் கொடுத்தார், முகம் படத்துக்குள் இருக்கிறதா என்று எங்கள் செயலி அண்ணனிடம் சொல்லவே இல்லை. ‘கொஞ்சம் இடப்பக்கம்’, ‘போனைத் தூக்குங்கள்’ என்று அது பேச வேண்டும். அந்தச் சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். மே விடுமுறைக்கு அண்ணன் சென்னை வருகிறார், அதற்குள் முடித்துவிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும்.