முறிகண்டிக்குப் பத்து நிமிசம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார் எடுத்த எங்கட சனம், சாவி கைக்கு வந்த அன்றைக்கே காரோடு வந்த வழிகாட்டித் திரையில் சொந்த ஊரை அடித்துப் பார்க்கும். வட்டக்கச்சி என்று அடித்தால் அப்படி ஓர் இடம் இல்லை என்று வரும். கிளிநொச்சிக்கும் அதே பதில்தான். பெட்டியில் பழுது ஒன்றும் கிடையாது. தொழிற்சாலையில் பூட்டிவரும் அந்தப் பெட்டிக்குள் வட அமெரிக்கா மட்டும்தான் ஏற்றியிருப்பார்கள். காரணம் விளங்கினாலும் நெஞ்சில் முள் தைத்தது தைத்ததுதான். போனில் ஊர் வரும், சரி. ஆனால் மாதம் மாதம் காசு கட்டுகிற கார் ‘உன்ர ஊர் இல்லை’ என்று சொல்லிவிட்டதே!

இந்த முள்ளுக்கு மருந்து, காருக்கென்று சொந்தமாக ஒரு கணினி வைப்பது. 32 ஜிபி மெமரி காட் ஒன்றில் ஒன்ராறியோவும் இலங்கையும் சேர்ந்தே அடங்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டுபோய் மாமாவின் வான் வண்டியிலும் பூட்டலாம்.

எதைத் தெரிவது? டப்லெற் வேண்டாம். அதற்குள் இருக்கும் லித்தியம் பற்றறியைப் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது. ரொறன்ரோவின் தை மாசத்தில் பெரும்பாலும் அந்தக் குளிர்தான். மாங்குளத்தில் மத்தியான வெயிலில் கண்ணாடி மூடி நிற்பாட்டிய வானிலோ டாஷ்போட் 60 பாகையைத் தாண்டும், பற்றறி ஊதிப்போகும். கார் றேடியோவின் இடத்தில் பூட்டும் ஆண்ட்ரொயிட் செற் நல்லதுதான். 178க்கு 100 மில்லிமீற்றர் வாயுள்ள எந்தக் காரிலும் பொருந்தும், ஈயம் பற்றவைக்கத் தெரியாதவருக்கு அதுவே வழி. ஆனால் ஒரு காரில் பூட்டினால் பூட்டினதுதான், ஊருக்குக் கொண்டுபோக ஏலாது. மினி கணினிகளில் பல 19 வோல்ற் கேட்கும். காரில் இருப்பதோ 12.

அதனால் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினிப் பலகை (சுருக்கமாகப் ‘பை’), 4 ஜிபி, 7 அங்குலத் தொடுதிரை. பை 5 வேகமானது, ஆனால் அதற்கு 5 வோல்றில் 5 அம்பியர் வேண்டும். பை 4க்கு 3 அம்பியர் போதும். வரைபடமும் பாட்டும் ஓட அதற்குமேல் வேகம் தேவையே இல்லை.

பெட்டி தெரிவது சுகமான வேலை. மின்சாரம்தான் ஆளைச் சுத்தவைக்கும்.

குளிர்காலக் காலையில் சாவியைத் திருகினவுடன் திரை செத்து, பிறகு முதலில் இருந்து எழும்பும். ‘குளிரில பற்றறி விழுந்திட்டுது’ என்பார்கள். பாதிதான் உண்மை. ஸ்டார்ட் பண்ணும்போது 12 வோல்ற் 9 வரை விழும். ஆனால் 5 வோல்றுக்கு இறக்கும் கன்வேற்றருக்கு 9 தாராளம். உண்மையான காரணம், சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி வயர். சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும் அந்த இரண்டு மூன்று செக்கனுக்கு, அநேகமான கார்களில் அந்த வயரின் மின்சாரத்தை சுவிச்சே வெட்டிவிடும். ஆகவே கணினிக்கு மின்சாரத்தை எப்போதும் உயிருள்ள வயரில் எடுக்க வேண்டும். வழக்கமாக அது மஞ்சள், ஏசிசி சிவப்பு. சில ஐரோப்பியக் கார்களில் இரண்டும் மாறியிருக்கும் என்பதால் மீற்றர் வைத்துப் பார்க்காமல் வெட்டவே கூடாது. ஏசிசியை ‘சாவி போட்டாச்சு, எடுத்தாச்சு’ என்று சொல்லும் சைகையாக மட்டும் வையுங்கள். அதையும் நேரே பையின் உள்ளீட்டுக் காலில் (பின்) கொடுத்தால் பை அந்த நிமிசமே சாகும், அது தாங்குவது 3.3 வோல்ற்தான். நடுவில், மின்சாரத்தை விடாமல் சைகையை மட்டும் ஒளியாகக் கடத்தும் பிசி817 ஒப்ரோகப்ளரும் 2.2 கிலோ ஓம் தடையும் போடுங்கள்.

கன்வேற்றரைச் சரியாக 5 வோல்றில் வைப்பதும் பிழை. வயரில் கொஞ்சம் தொலையும், 4.63க்குக் கீழே போனால் திரை மூலையில் மின்னல் குறி எரியும், கணினி தடுமாறும். 5.1க்குத் திருகி வைத்து, கன்வேற்றருக்கும் பைக்கும் இடையே அரை மீற்றருக்குள் தடித்த வயர் போட வேண்டும். ‘3 அம்பியர்’ என்று எழுதிவரும் மலிவு எல்எம்2596 கன்வேற்றர் பலகை தொடர்ந்து 2 அம்பியர் கொடுத்தாலே சுடும். 5 அம்பியர் தாங்குவதை வாங்குங்கள். பியூஸ் 5 அம்பியர், பற்றறியில் இருந்து ஒரு சாணுக்குள். பியூஸ் இல்லாமல் விட்ட வயர் எங்காவது தகரத்தில் உரசினால் எரிவது கணினி அல்ல, கார். இணைப்பை நெருக்கி, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் உறை போடுங்கள். இன்சுலேசன் ரேப்பின் பசை வன்னி வெயிலில் ஒரு கிழமையில் உருகி வழியும்.

இந்த நாட்டில் காலூன்றி ஆகிற்று. வீடு, வேலை, குளிர்கால ரயர் எல்லாம் பழகிற்று என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கையில் இரண்டு வயரைப் பிடித்தவுடன் மனம் பொருளாதாரத் தடைக் காலத்துக்கு ஓடிவிடும். பற்றறி ஊருக்குள் வராத தொண்ணூறுகள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடும். அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் மாறுமின்னோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் போடாவிட்டால் றேடியோ வண்டுபோல இரையும். சுத்துகிறவரின் கை தளர்ந்தால் பிபிசி தமிழோசையின் செய்தி பாதியில் தேய்ந்துபோகும். ‘சுத்து, சுத்து’ என்று சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கத்துவார்கள். மின்சாரம் சீராக வராவிட்டால் எந்தக் கருவியும் வீண் என்பதை வன்னிச் சனத்துக்குப் புத்தகம் வைத்துச் சொல்லத் தேவையில்லை.

காரிலும் அந்த வண்டுச் சத்தம் வரும், அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கூடும். அது ஒல்ரனேற்றரின் இரைச்சல். கணினிக்கும் அம்பிளிபயருக்கும் எர்த் வயரை ஒரே போல்ற்றில் பூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பையின் சொந்த ஓடியோ ஓட்டையை நம்பாமல் பிசிஎம்5102 ஒலிப் பலகை ஒன்றைப் போட்டால் பாட்டு தெளியும்.

ஜிபிஎஸ்ஸுக்கு நியோ-6எம் என்ற சின்னப் பலகை போதும். திறந்த வானத்தில் அரை நிமிசத்துக்குள் இடத்தைப் பிடிக்கும். அன்ரனாவின் தட்டை முகம் மேலே பார்க்க வேண்டும். டாஷ்போட்டின் பிளாஸ்டிக்கிற்குக் கீழே வைக்கலாம், தகரத்துக்குக் கீழே கூடாது. சில கார்களின் முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கும், அதுவும் மறைக்கும்.

வழிகாட்டும் மென்பொருளுக்கு நவிட், வரைபடத் தரவுக்கு 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ரீற்மப். இணையம் இல்லாமல் ஓடும் என்பதே பெரிய காரியம். ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு வழியில் சிக்னலை நம்பி இறங்க முடியாது. அந்த வரைபடத்தில் ஊருக்குத் தமிழ்ப் பெயரைத் தனியாக எழுதலாம், விடுபட்டதை நாங்களே சேர்க்கலாம். இதைச் செய்யாவிட்டால் ஆங்கிலக் குரல் ஒட்டுசுட்டானை ‘ஓட்-சடன்’ என்று இரண்டாய் உடைக்கும். பின்சீற்றில் அம்மம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். தமிழ் எழுத்தில் பெயரைக் கொடுத்து எழுத்தை வாசிக்கும் ஈஸ்பீக் மென்பொருளைத் தமிழுக்கு மாற்றினால் குரல் இரும்பாக இருந்தாலும் பெயர் பெயராக வரும். ஆலடி, கிணத்தடி, வாய்க்கால் கட்டு என்று வழி சொல்லும் ஊருக்கு வீட்டு இலக்கம் உதவாது. அந்த இடங்களைப் பிடித்த இடங்களாகச் சேமித்து வையுங்கள். இன்னொன்று: மென்பொருள் குறுக்குவழி தேடிக் குளக்கட்டுப் பாதையில் இறக்கிவிடப் பார்க்கும். மண்பாதையைத் தவிர்க்கச் சொல்லி வைத்தாலும், மாரியில் குளம் நிரம்பி வான் பாய்வது அதற்குத் தெரியாது. அந்த நேரம் காரை நிற்பாட்டி, சந்திக் கடை அண்ணையைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, அணைப்பது. சாவியை எடுத்தவுடன் மின்சாரத்தை வெட்டினால் மெமரி காட்டில் எழுதிக்கொண்டிருந்தது குழம்பி, மறுநாள் கணினி எழும்பாது. வெட்டவே இல்லையென்றாலும் ஆபத்து. கணினியும் திரையும் பற்றறியில் ஒன்றரை அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 36 அம்பியர்-மணி போகும்; கார்ப் பற்றறியில் இருப்பது 60. கடுங்குளிரில் அந்த 60உம் பாதியாகிவிடும். ஆகவே ஏசிசி போனதும் கணினி தானாக ஒழுங்காக அணைந்து, அதன்பிறகு நேரந்தாழ்த்தி ரிலே ஒன்று மின்சாரத்தை முழுதாக வெட்ட வேண்டும். மெமரி காட்டை ‘வாசிக்க மட்டும்’ என்ற நிலையில் வைத்தால் இன்னும் பத்திரம்.

ரொறன்ரோவில் கணினி 15 செக்கனில் அணையத் தொடங்கட்டும், ரிலே 60 செக்கனில் வெட்டட்டும். ஊருக்குக் கொண்டுபோகும்போது இரண்டையும் கூட்டிவிடுங்கள்: கணினிக்குப் பத்து நிமிசம், ரிலேக்குப் பதினொன்று. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் வருகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பிள்ளையாரின் திருநீற்றைப் பூசி, சுடச்சுடக் கச்சான் வாங்க அவ்வளவு நேரம் எடுக்கும். பத்து நிமிசத்தில் பற்றறியில் குறைவது கால் அம்பியர்-மணி. கச்சான் சரையோடு வந்து ஏறும்போது வரைபடமும் பாட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும்.