வயதான நிணநீர்க் கணுவில் துகள் எங்கே போகிறது?

தடுப்பு மருந்தைச் சுமந்து செல்லும் நுண்துகள்களோடுதான் என் வேலை. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் 6 முதல் 8 வார வயதுள்ள எலிகளில்தான் இவற்றைச் சோதிக்கிறார்கள். ஊசி மிகவும் தேவைப்படுவதோ அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்களை ஊசியில் செலுத்தி, பிறகு நோயெதிர்ப்பு செல்கள் கூடும் சிறு முடிச்சான நிணநீர்க் கணுவை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்போம். இளம் எலியில் கணுவின் விளிம்பை ஒட்டிப் பச்சைப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். 20 முதல் 200 நானோமீட்டர் வரையிலான துகள்கள் நிணநீரோடு தாமாகவே வந்து, அங்கே காவலிருக்கும், அந்நியப் பொருளை விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்களிடம் சிக்கிக்கொள்கின்றன. வயதான எலியில் அந்த விளிம்பே கலைந்திருக்கும். மேக்ரோபேஜ்கள் குறைந்து, நார்த்திசு மண்டியிருக்கும். உள்ளே, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்குக் காட்டுவதற்காக ஆன்டிஜெனை, அதாவது கிருமியை அடையாளம் காட்டும் பொருளைப் பிடித்துவைக்கும் செல்களும் முன்போலப் பிடித்துவைப்பதில்லை. 200 நானோமீட்டரைவிடப் பெரிய துகள்களை, ஊசி போட்ட இடத்திலிருந்து ஆன்டிஜெனைச் சுமந்துவரும் டென்ட்ரிடிக் செல்கள்தான் கணுவுக்குத் தூக்கிவர வேண்டும். முதுமையில் அவையும் மந்தமாகிவிடுகின்றன. நோயெதிர்ப்பின் இன்னொரு வகை செல்களான டி செல்கள் முதிரும் தைமஸ் உறுப்பு சுருங்கி, புதிய டி செல்கள் குறைந்துபோவது தனிக்கதை.

வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அக்கிக்கான பழைய தடுப்பூசியில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருந்தது. 80 வயது தாண்டியவர்களை அக்கியிலிருந்து அது சுமார் 18 சதவீதமே காத்தது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய தடுப்பூசியில் இருப்பது வைரஸின் ஒரே ஒரு புரதம். கூடவே ஏஎஸ்01 என்ற துணைக் கலவை: லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் நோயெதிர்ப்பைக் கிளறும் இரண்டு தூண்டிகள், அவற்றில் ஒன்று குயில்லாஜா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. இரண்டு தவணை போட்டதும், அதே வயதுக்காரர்களிடம் பாதுகாப்பு 90 சதவீதத்தை ஒட்டி வந்தது! அந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை. கணு தளர்ந்திருந்தாலும், சரியாகத் தூண்டினால் எழுந்து வேலை செய்கிறது.

ஆனால் எந்தத் துகள், எந்தத் தூண்டி என்பதை இளம் எலி சொல்லாது. முதுமையில் உடலில் ஏற்கெனவே மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு தூண்டலாம் என்பதையும் வயதான எலியில்தான் பார்த்தாக வேண்டும். ஒன்றரை வருடம் எலிகளை வளர்த்துக் காத்திருப்பது செலவுதான், நடுவில் சில இறந்தும் போகும். இருந்தாலும் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: முதியோருக்கான துகள் என்று எழுதியிருந்தால், வயதான எலியின் தரவு எங்கே என்று கேளுங்கள்.