இனிஷியல் யாருது?

டிசம்பர் 2, 2024, திங்கள்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டு நாளாயிற்று. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை, இன்று தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பக்கம் புகுந்துவிட்டது. நானோ சென்னையில் உட்கார்ந்து பதவி உயர்வுப் படிவம் நிரப்புகிறேன். பேரிடர் நிவாரணத்தில் தகவல் தொழில்நுட்பம் என்று பத்தொன்பது வருடம் ஓட்டியாயிற்று. கட்டுரைகளைத் தேடினால் பாதி என் பெயரில், பாதி அப்பா பெயரில் கிடக்கின்றன. 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்காத ஆய்விதழ்களுக்கு அப்பாவின் முழுப் பெயரைக் கொடுத்ததன் பலன். எட்டாவதோடு நின்று தையல் மெஷின் மிதித்தவர், மேற்கோள் எண்ணிக்கையில் என்னை முந்திவிட்டார்.

டிசம்பர் 5, வியாழன்

கடலூர் போய் வந்தேன். முகாமில் ஆட்களைப் பதிய என் ஆய்வு மாணவன் ஒரு செயலி செய்திருக்கிறான். பள்ளிக்கூடம்தான் முகாம். பெஞ்சுகள் சுவரோரம், நடுவில் பாய், ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத்துணி. வாசலில் தலையாரி நோட்டோடு; பக்கத்தில் நம்மாள் போனோடு.

"பேரு?"

"செல்வி."

"இனிஷியல்?"

"யாரு இனிஷியலு? அப்பாருதா, வூட்டுக்காரருதா?"

"ஆதார்ல எப்படிம்மா இருக்கு?"

"ஆதாரு வூட்ல இருக்கு. வூடு தண்ணில இருக்கு."

தலையாரி சிரிக்கக்கூட இல்லை. 'தெற்குத் தெரு செல்வி, டீக்கடை முருகன் சம்சாரம்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். செயலி கடைசிப் பெயர் இல்லாமல் நகர மறுத்தது. பையன் ஒரு புள்ளி வைத்துத் தள்ளினான். சாயங்காலம் பார்த்தால் 31 பேருக்குக் கடைசிப் பெயர் புள்ளி. அத்தனை பேரையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து, ஒரே ஒரு அரிசி மூட்டைக்குச் சிபாரிசு செய்திருந்தது செயலி. நல்லவேளை, அரிசி நோட்டைப் பார்த்துத்தான் போனது.

டிசம்பர் 14, சனி

"நீங்க எப்படி மேடம் இதுக்குள்ள வந்தீங்க?" என்றான் பையன். சஹானா என்ற மென்பொருளால்தான். 2004 சுனாமி அடித்த சில நாட்களிலேயே இலங்கையின் மென்பொருள்காரர்கள் கூடி எழுத ஆரம்பித்தது அது. சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார், எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது எல்லாம் ஒரே இடத்தில். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் போனது, 2010இல் ஹைட்டிக்கும். அதன் நிரலைப் படித்துப் படித்துத்தான் என் முனைவர் பட்டமே.

அப்போதெல்லாம் கட்டம் கூடக் கூட நல்லது என்று நினைத்தேன். 2022 ஜனவரியில் அந்தப் புத்தி தெளிந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு வைத்திருந்த தகவல்களை யாரோ சர்வருக்குள் புகுந்து எடுத்துவிட்டார்கள். 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம். போரில், புலம்பெயர்வில் உறவைத் தொலைத்துவிட்டுத் தேடியவர்கள், தேடப்பட்டவர்கள். நம்பிக் கொடுத்த பெயர்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் 'இது எதுக்கு?' என்றுதான் கேட்கிறேன்.

சொல்லி முடித்ததும் பையன், "அப்போ கைரேகை வச்சா டூப்ளிகேட் வராதுல்ல மேடம்?" என்கிறான். ஒரு மணி நேரம் சண்டை. டீ ஆறிப்போனது.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி அடித்து இருபது வருடம். இன்றைக்கு வகுப்பில் நல்லவாடு கதையை மட்டும் சொன்னேன். புதுச்சேரிப் பக்கத்து மீனவ கிராமம். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. மீனவர்களுக்கான சேதியை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப்பையன் போன் போட்டு, கடல் வருது, ஓடுங்கள் என்றான். மையத்தின் கதவை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். வீடுகள், படகுகள் போயின. 3,600க்கு மேற்பட்ட சனம் பிழைத்தது.

ராத்திரி பையன் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறான். கைரேகை இல்லை. பெயருக்கு ஒரே கட்டம். அதன் கீழே, தலையாரியின் நோட்டிலிருந்து திருடியது: 'யாரைச் சொன்னால் உங்களை ஊரில் தெரியும்?' சோதித்துப் பார்க்க என்னையே பதிந்தேன். முதல் கட்டத்தில் வெறும் என் பெயர், புள்ளி கேட்கவில்லை. இரண்டாவதில், 'டெய்லர் ராமலிங்கம் மக'.