விடிய விடிய எடுத்த பதிவை வெளி டிரைவுக்கு மாற்றுவது எப்படி

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பதிவு செய்யப் போகும் எங்களில் பலர் இப்போது மடிக்கணினி எடுத்துச் செல்வதில்லை. ஒரு கைப்பேசி, ஒரு டேப்லெட், சட்டைப் பையில் அடங்கும் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வெளி டிரைவ்), இவ்வளவுதான் பயணச் சாமான். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் களரி எனும் ஆடுகளத்தில் ஏறும் ஜமா, அதாவது கூத்துக் குழு, விடியும்வரை ஆடுகிறது. ஐபோனின் சிக்கனமான ஹெச்இவிசி முறையில், நொடிக்கு 30 பிரேம் வீதம் 1080பி தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி ஆகும். எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 ஜிபி. அதையே 4கே தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 170 எம்பி, இரவு முழுக்க 80 ஜிபியைத் தாண்டிவிடும். மறுநாள் இரவு அடுத்த கூத்து இருக்கிறது. கிராமத்தில் கிடைக்கும் சிக்னலில் இவ்வளவையும் கிளவுடுக்கு ஏற்றுவது நடவாத காரியம் என்பதால், பகலிலேயே பதிவுகளை வெளி டிரைவுக்கு மாற்றிக் கைப்பேசியில் இடம் பண்ணியாக வேண்டும். வயதான வாத்தியார் ஒருவர் பாடும் விருத்தம் மறுமுறை அதேபோல் கிடைக்காது என்பதால், இந்த மாற்றும் வேலையைப் பதிவு செய்யும் வேலைக்குச் சமமான கவனத்துடன் செய்ய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஐபேடிலும் ஐபோனிலும் வெளி டிரைவை நேரடியாகத் திறந்து பார்க்கும் வசதி 2019-இல் அவற்றின் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்புடன்தான் வந்தது. அதற்கு முன்பு கேமராவிலிருந்து படங்களை இறக்கிக்கொள்ள மட்டுமே இடமிருந்தது. ஆண்ட்ராய்டில் ஓடிஜி என்ற பெயரில் இது பல ஆண்டுகளாகவே உண்டு. ஆனால் சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் ஓடிஜி இணைப்பை அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்க வேண்டும். சற்று நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானாக அணைந்தும் போகும். டிரைவைச் செருகியும் எதுவும் தெரியவில்லை என்று கேட்பவர்களிடம், டிரைவைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஓடிஜி பொத்தானைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

அடுத்து டிரைவின் ஃபார்மேட், அதாவது அதில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன. பழைய பென் டிரைவுகள் ஃபேட்32 முறையில் வருகின்றன. எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. மேலே சொன்ன 4கே கணக்குப்படி சுமார் 24 நிமிடப் பதிவு அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஒரு கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கி வைத்து, முதல் வேடம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகலாம். டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தும் இடமில்லை என்றோ, காரணமே சொல்லாமலோ காப்பி நின்றுபோனால், பெரும்பாலும் இதுதான் காரணம். விண்டோஸ் கணினிகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் டிரைவில் ஐபேடால் எழுத முடியாது. ஆண்ட்ராய்டில் அது கருவிக்குக் கருவி மாறுகிறது. ஏபிஎஃப்எஸ் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே ஏற்றது. ஆகவே ஐபோன், அண்மைக்கால ஆண்ட்ராய்டு, விண்டோஸ், மேக் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே சுற்றிவரும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட்தான் என் தேர்வு. அதை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டது 2019-இல்தான். அதனால் விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றில் இன்றும் எக்ஸ்ஃபேட் திறக்காது. பயணத்துக்கு முன்பே உங்கள் கருவியில் செருகிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் சரியாக இருந்தும் ஐபேட் டிரைவைக் காட்டவில்லையென்றால், அதில் எத்தனை பார்ட்டிஷன் (டிரைவைப் பிரித்துவைத்த பகுதிகள்) இருக்கின்றன என்று கணினியில் பாருங்கள். தரவு வைக்கும் பார்ட்டிஷன் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் சொல்லும் நிபந்தனை. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றி, உறை போட்டுப் பயன்படுத்தும் டிரைவுகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், அந்த வேலையை வீட்டில், வேறொரு பிரதி கையில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று குறித்துவைத்து, பிறகு சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை உருவினால், அப்போது எழுதிய கோப்பு மட்டுமன்றி, டிரைவின் அட்டவணையே குழம்பிப் பழைய கோப்புகளும் திறக்காமல் போகக்கூடும். ஆண்ட்ராய்டில் அறிவிப்புப் பட்டையிலேயே டிரைவைப் பாதுகாப்பாக வெளியேற்றும் தெரிவு இருக்கிறது. அதைத் தட்டிய பிறகே கேபிளைத் தொடவும். ஐபேடில் காப்பி வட்டம் முழுமையாகி மறைந்த பின்னும் சிறிது நேரம் பொறுத்து, டிரைவில் விளக்கு இருந்தால் அது துடிப்பதை நிறுத்திய பிறகு கழற்றுவது நல்லது.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. யுஎஸ்பி-சி ஐபோன் வெளிக் கருவிக்குக் கொடுக்கக்கூடியது 4.5 வாட் அளவுதான். சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் கேட்கலாம். டிக் டிக் என்று சத்தம் வந்து, டிரைவ் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தால், மின்சாரம் போதவில்லை என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட நிலையில் விடாப்பிடியாக முயல வேண்டாம். சார்ஜர் செருகும் வாயுள்ள ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கி நடுவில் வைத்தால் டிரைவுக்கும் கைப்பேசிக்கும் சேர்த்தே மின்சாரம் கிடைக்கும். பயணத்துக்கு எஸ்எஸ்டியைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கேபிள்தான். சார்ஜருடன் வரும் யுஎஸ்பி-சி கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2 வகையைச் சேர்ந்தவை; ஐபோன் 15 ப்ரோ நொடிக்கு 10 ஜிகாபிட் வரை மாற்றவல்லது என்றாலும் அதன் பெட்டிக்குள் இருக்கும் கேபிள் 480 மெகாபிட்டுக்கு மேல் போகாது. 480 மெகாபிட் என்றால் நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி கிடைத்தாலே நல்லது. ஓர் இரவுக் கூத்தின் 29 ஜிபியை மாற்றப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். எஸ்எஸ்டியுடன் வரும் குட்டைக் கேபிளைத் தனியாகக் குறியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஐபோன் 15-இலும் பத்தாம் தலைமுறை ஐபேடிலும் வாயே யுஎஸ்பி 2 வேகத்தில் இருப்பதால், அங்கே விலையுயர்ந்த கேபிள் வாங்கியும் பயனில்லை.

இனி மாற்றும் முறை. ஐபோனின் படச் செயலியில் பதிவுகளைத் தேர்ந்தெடுத்துப் பகிர்வுப் பட்டியலைத் திறந்தால், மாற்றம் செய்யாத மூலப் பிரதியை ஏற்றுமதி செய்யும் தெரிவு இருக்கும். அதைத் தட்டி டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐகிளவுடில் இடச் சிக்கன ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால், பழைய பதிவுகளின் மூலம் கைப்பேசியிலேயே இல்லாதிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் கோப்பு மேலாளரைத் திறந்து, டிசிஐஎம் கோப்புறைக்குள் இருக்கும் கேமரா கோப்புறையிலிருந்து நகலெடுக்கலாம். எந்தக் கருவியானாலும் ‘நகர்த்து’ என்பதைத் தொடாமல் ‘நகலெடு’ என்பதையே பயன்படுத்துங்கள். காப்பி முடியும்வரை திரையை அணைக்காமலும், வேறு செயலிக்குப் போகாமலும் இருப்பது பாதுகாப்பு.

காப்பி முடிந்ததும் உடனே கைப்பேசியில் அழிக்கக் கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு டிரைவைக் கழற்றி மீண்டும் செருகி, ஒவ்வொரு பதிவையும் டிரைவிலிருந்தே திறந்து, கடைசி நிமிடத்துக்கு இழுத்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகள் காட்சிக் கோப்பின் உள் அட்டவணையைக் கோப்பின் இறுதியில்தான் எழுதுகின்றன. பாதியில் அறுந்த பிரதி அளவில் பெரியதாகத் தெரிந்தாலும் திறக்கவே செய்யாது. கடைசி நிமிடத்தில் முகவீணையும் மிருதங்கமும் தெளிவாகக் கேட்டால் நிம்மதியாக அழிக்கலாம். ஐபோனில் அழித்தவை 30 நாள் வரை தனி ஆல்பத்தில் இருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உடனடியாக இடம் தேவைப்பட்டால் மட்டுமே அதையும் காலி செய்யுங்கள்.

நம்ப முடியாத குறைந்த விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கப்படும் பென் டிரைவுகளில் போலிகள் மிகுதி. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும். கருவியிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகும் எழுதுவதுபோல் காட்டும், எழுதியது எங்கும் இருக்காது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எந்த டிரைவையும் இந்தச் சோதனைக்குப் பின்பே ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஜமாவில் இருப்பவர்கள் தங்கள் வேடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, அங்கேயே அனுப்பச் சொல்வார்கள். அருகில் இருக்கும்போது ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு லோக்கல்சென்ட் போன்ற செயலி போதும். ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் இணையத் தரவு செலவாகாமல் மூலத் தரத்திலேயே போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அதற்கு 2 ஜிபி வரை இடமுண்டு.

வீடு திரும்பியதும் எஸ்எஸ்டியில் உள்ளதை ஒரு சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நகலெடுத்து, ஊர், ஜமா, கூத்தின் பெயர், தேதி என்ற வரிசையில் கோப்புறைகளுக்குப் பெயரிட்டு, இரண்டையும் இரண்டு வீடுகளில் வைக்கிறோம். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டி, பதிந்த தரவை மெல்ல இழக்கக்கூடியது. அதனால் நெடுநாள் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்கையே நம்புகிறோம்; அதையும் ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்த பாரதம் தொடங்குவதற்கு முன், செருகித் திறந்து பார்த்துவிடுகிறோம்.