கிராண்ட் கேன்யனில் என் பவர் சேரும் அம்மாவின் கோடிக் கணக்கும்

அரிசோனாவில் உள்ள மாபெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். என் பவர் சேரின், அதாவது பேட்டரியில் ஓடும் வீல்சேரின், டயர் இடுக்குகளில் கேன்யன் மண் அப்படியே ஒட்டியிருக்கிறது, துடைக்க மனசு வரவில்லை. வழி, செலவு, திட்டம் என்று ஒழுங்காக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஹோட்டல் மேல் இருக்கிற கோபத்தை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே உள்ள சிற்றூரில் அறை எடுத்திருந்தோம். ஓர் இரவுக்கு 230 டாலர். இரண்டு முறை போன் செய்து, சேரோடு நேரே உள்ளே போகிற மாதிரி தடுப்பில்லாத ஷவர் வேண்டும் என்று கேட்டு, இருக்கிறது என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். கதவைத் திறந்தால் உயரமான பாத்டப். அதன் ஓரத்தில் ஒரு கைப்பிடி. அந்த ஒரு கைப்பிடிக்காக அறைக்கதவில் வீல்சேர் படம் ஒட்டியிருக்கிறார்கள்! கட்டிலோ 27 அங்குல உயரம். என் சேரின் இருக்கை 20 அங்குலம். பலகை போட்டு நகர்ந்து ஏறுகிறவனுக்கு அந்த 7 அங்குலம் சுவர் மாதிரி. மனைவியும் 12 வயது மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு நாளும் குளியல் கிடையாது, ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டதுதான். வேறு அறை காலி இல்லையாம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 60 டாலர் குறைத்தார்கள். அது போதவே போதாது.

நீங்கள் அறை எடுக்கும்போது "வீல்சேருக்கு வசதியான அறையா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கட்டில் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள், குளியலறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த அறை எனக்கு இன்னொரு கெடுதலும் செய்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தசைச்சிதைவு நோய். இந்த ஏப்ரல் வரை கையால் தள்ளுகிற வீல்சேர்தான், தள்ளுவது மனைவி. ஆறு வருடம் முன்பு இதே கிராண்ட் கேன்யனுக்கு வந்தோம். மகன் அப்போது கைக்குழந்தை. தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். இடுப்பில் பிள்ளை, கையில் என் சேர் என்று அவள் பட்ட பாட்டைப் பார்த்து, அரை மணி நேரத்தில் நானே காருக்குப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டேன். மீதி நேரம் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்தில் எடுத்த படங்களை இதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

ஏப்ரலில் பவர் சேர் வந்தது. அக்டோபரில் பள்ளி விடுமுறையும் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருப்பதும் சேர்ந்து அமைந்தது. சேரின் எடை மட்டும் 150 கிலோ, எங்கள் காரில் ஏறாது. சாய்தளம் உள்ள வேன் ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம், நாளுக்கு 165 டாலர். வேறு எந்தச் செலவும் என்னை இவ்வளவு யோசிக்க வைக்கவில்லை. அதுவும் நாளுக்கு 100 மைல்தான் கணக்கில் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் 40 சென்ட். ஃபீனிக்ஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து போக வர, உள்ளே சுற்ற என்று 540 மைல் ஆகிவிட்டது. ஆக, கூடுதலாக 96 டாலர். நடக்க முடிகிறவர்கள் இந்தக் காசுக்கு ஒரு வாரம் கார் எடுத்துவிடலாம்.

புறப்படும்போது அம்மா சேருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்ததே அழியவில்லையே என்றால், "ஊர் விட்டு ஊர் போகுதுல்லய்யா, இருக்கட்டும்" என்றாள்.

வழியிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் வரை சொல்ல ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலைதான். நேரே பூங்கா வாசலுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே காசு மிச்சம். ஒரு காருக்கு 35 டாலர் கட்டணம். நிரந்தரமான உடல் குறைபாடு உள்ளவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால் 'அக்ஸஸ் பாஸ்' இலவசம். ஆயுள் முழுவதும் செல்லும், நாட்டின் எந்தத் தேசியப் பூங்காவுக்கும் செல்லும், காரில் கூட வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மருத்துவர் கடிதமும் அடையாள அட்டையும் காட்டினேன், வாசலிலேயே கையில் கொடுத்தார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். பள்ளத்தின் விளிம்போரமாகப் போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை, பூங்காவின் இலவச பஸ் மட்டும்தான் போகும். நடமாடச் சிரமம் உள்ளவர்களுக்கு மட்டும் சொந்த வண்டியில் போகத் தனி அனுமதிச் சீட்டு உண்டு, அதுவும் இலவசம். நாமாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

சரி, இப்போது கெடுதலுக்கு வருகிறேன். முதல் நாள் இரவு சேரைச் சார்ஜில் போட்டுத் தூங்கினேன். இந்த பேட்டரி நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் பார்த்தால் ஐந்து கோட்டில் இரண்டுதான் எரிகிறது. கட்டிலருகே இருந்த பிளக், வாசல் பக்கத்து விளக்கு சுவிட்சோடு இணைந்ததாம். விளக்கை அணைத்ததும் சார்ஜும் நின்றுபோயிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையால் தள்ளும் சேரைக் கொண்டுவரவில்லை. பேட்டரி நின்றால் 150 கிலோ இரும்பையும் என்னையும் யார் தள்ளுவது? மனைவி, "பாதையிலேயே ஏதாவது பிளக் கிடைக்குங்க, கிளம்புங்க" என்றாள்.

கிளம்பினதற்குக் கிடைத்ததுதான் காலப் பாதை. யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து பூங்காவுக்குள் உள்ள கிராமத்துப் பக்கம் போகும் தார்ப்பாதை, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், சேருக்கு அலுங்காத தளம். அதில் ஒரு மீட்டர் நகர்ந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போகிறோம் என்று கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு வெண்கல முத்திரையைத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பத்து மில்லியன் என்று மகன் படிக்க, அம்மா "அப்படின்னா ஒரு கோடி" என்றாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் மில்லியனை எல்லோரும் விட்டுவிட்டோம். முத்திரைக்கு ஒரு கோடி! மகன் முன்னால் ஓடி ஒவ்வொன்றையும் மிதித்து "ஆச்சி, பதினொரு கோடி, பன்னிரண்டு கோடி" என்று கத்திக்கொண்டே போனான்.

கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை அறுக்கத் தொடங்கி ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுதான் ஆகிறது, அதாவது ஐந்தாறு மீட்டர். என் சேர் ஐந்து நொடியில் கடந்த தூரம். டைனோசர்கள் அழிந்தது ஏழாவது கோடி முத்திரையை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால். நாங்கள் நின்ற விளிம்பின் மேல்தட்டு, கைபாப் சுண்ணாம்புக்கல், 27 கோடி. பள்ளத்துக்குள்ளிருந்து கொண்டுவந்த பாறைகளை அந்தந்த வயது வரும் இடத்தில், சேரில் இருப்பவன் கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே நதிக்கரை வரை இறங்க எனக்கு இந்தப் பிறவியில் வழி இல்லை. அங்கே கிடக்கும் கல்லை இங்கே தடவிப் பார்த்தேன். இதைத் திட்டமிட்ட மனிதர்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

175 கோடி பக்கத்தில் அடர் நிறத்தில் ஒரு பாறை. பெயர் விஷ்ணு ஷிஸ்ட். அம்மாவிடம் சொன்னதும் நம்பவில்லை. எதிரே பள்ளத்துக்குள் கோபுரம் மாதிரி எழும்பி நிற்கிற குன்றுகளில் ஒன்றுக்கு விஷ்ணு கோயில், இன்னொன்றுக்குச் சிவன் கோயில் என்று 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்கிற புவியியலாளர் பெயர் வைத்திருக்கிறார் என்று மகள் படித்துச் சொன்னாள். அம்மா பாறையைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் என் சேரில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தாள். 184 கோடியில் இங்குள்ளவற்றிலேயே பழைய பாறை இருக்கிறது. அதுவரை நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகவே வந்தோம். யாரும் யாரையும் தள்ளவில்லை. மனைவி கையை வீசிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன்.

மதியம் உணவகத்தில் கேட்டதும் ஒரு ஓரத்தில் பிளக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியது. நாங்கள் கொண்டுபோன புளியோதரையை வெளியே மேஜையில் வைத்துச் சாப்பிட்டோம். உள்ளே ஐந்து பேர் சாப்பிட்டால் 80 டாலராவது ஆகும்.

பிறகு ஹெர்மிட் சாலை. சீட்டைக் காட்டித் தடுப்பைத் தாண்டி வேனிலேயே போனோம். மான்யுமென்ட் க்ரீக் விஸ்டா என்ற இடத்திலிருந்து சாலைக் கடைசியான ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை 4.5 கிலோமீட்டருக்கு அகலமான தார்ப்பாதை இருக்கிறது, சைக்கிள்களும் போகலாம். இதற்கு நேர் முந்தின பகுதியில் மண் ஒற்றையடிப் பாதைதான், சேரோடு அங்கே போகாதீர்கள். நானும் மகளும் மட்டும் பாதையில் போவது, மற்றவர்கள் வேனில் போய்க் கடைசியில் காத்திருப்பது என்று முடிவு. மனைவிக்கு விருப்பமே இல்லை. நான்தான் பிடிவாதமாக இருந்தேன். ஆறு வருடம் காருக்குள் உட்கார்ந்திருந்தது போதும்.

இடப்பக்கம் மரங்கள், வலப்பக்கம் பள்ளம். பல இடங்களில் கம்பித் தடுப்புகூடக் கிடையாது. காற்று ஜில்லென்று அடித்ததில் ஜாய்ஸ்டிக் பிடித்த கை மரத்துப்போனது, மகள் தன் கையுறையைக் கழற்றி மாட்டிவிட்டாள். ஏற்றம் வந்ததும் இரண்டு கோடு ஒன்றாகி, பிமா பாயின்ட் வந்தபோது சிவப்பு மினுக்கத் தொடங்கியது. இன்னும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பாக்கி. போனில் சிக்னல் இல்லை. என் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் விளிம்புக்குப் போய் நின்றேன். "அப்பா, பஸ் சத்தம் கேக்குது" என்றாள் மகள். நானும் திரும்பிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. சத்தம் கீழேயிருந்து வந்தது. ஒரு மைல் ஆழத்தில் பாறைகளில் மோதிக்கொண்டு ஓடுகிற கொலராடோ! வெள்ளைக் கீற்று மாதிரி தெரிகிற அந்தத் தண்ணீரின் சத்தம் மேலே வரை வருகிறது. பேட்டரியை மறந்து நாங்கள் இருவரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிஜமான பஸ் கால் மணி நேரத்தில் வந்தது. ஓட்டுநர் அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்து சாய்தளத்தை இறக்கி, சேரை நான்கு பட்டைகளால் கட்டி, "சரியாக இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். இந்த பஸ்ஸில் 30 அங்குல அகலம், 48 அங்குல நீளம் வரை உள்ள சேர்தான் ஏறும். வீட்டிலேயே கால்தாங்கியோடு சேர்த்து அளந்துவிடுங்கள், என்னுடையது 45 அங்குலம். ஹெர்மிட்ஸ் ரெஸ்டில் இறங்கியதும் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்த பிங்க் கையுறையைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

அன்றிரவு விளக்கெல்லாம் எரியத்தான் தூங்கினோம். சேர் நிறையச் சார்ஜ் ஏறியது.

மூன்றாம் நாள் கிழக்கே டெசர்ட் வியூ. மேரி கோல்டர் வடிவமைத்து 1932இல் கட்டிய 70 அடி காவற்கோபுரம் அங்கே இருக்கிறது. எனக்குத் தரைத்தளம் மட்டும்தான், மேலே படிகள். பிள்ளைகள் ஏறிப்போய் ஜன்னலிலிருந்து கையசைத்தார்கள். அங்கிருந்து இறங்கிக் நவாஹோ பழங்குடியினரின் கேமரன் என்ற ஊரில் சாப்பாடு. நவாஹோ டாக்கோ என்று ஒன்று, தட்டளவு பொரித்த ரொட்டியின் மேல் பீன்ஸ், கீரை, தக்காளி, சீஸ். அம்மாவுக்காக மாட்டுக்கறி இல்லாமல் கேட்டோம். பூரி மாதிரி உப்பி, ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டு, "நல்லாப் பிசைஞ்சிருக்கா" என்று பாராட்டினாள். 1864இல் நவாஹோ மக்களைச் சொந்த நிலத்திலிருந்து ராணுவம் விரட்டி நடக்கவைத்தபோது ரேஷனாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்து உருவான ரொட்டி இது. மூன்று நாளில் நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டதில் இதுதான் சிறந்தது, ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும்.

பாதிச் சாப்பாட்டில் மகள் போனைப் பார்த்து அலறினாள். மணி 3:10. வேனை ஆறு மணிக்குள் திருப்பித் தராவிட்டால் இன்னொரு நாள் வாடகை, 165 டாலர். ஃபீனிக்ஸ் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழப்போனோம். பரிமாறியவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நாடு மாற்றுகிறது. அந்த எல்லைக்குள் வந்ததும் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது. ஃபீனிக்ஸில் இப்போது 2:10தான். அம்மா உட்கார்ந்து ரொட்டியின் மீதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

5:40க்கு வேனைக் கொடுத்துவிட்டோம். ஊழியர் உள்ளே எட்டிப் பார்த்து, தரையில் மண் இருக்கிறது, சுத்தம் செய்ய 50 டாலர் என்றார். சேரின் டயர் மண்தான் அது, ஒரு விளக்குமாறு போதும். மனைவி அவர்களிடமே விளக்குமாறு கேட்டு வாங்கிப் பத்து நிமிடத்தில் கூட்டிக் கொடுத்தாள். ஐம்பது டாலர் மிச்சம்.

இன்று காலை முதல் வேலையாக 15 அடி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிவிட்டேன். அடுத்தது ஸயன் தேசியப் பூங்கா. அங்கே பாரஸ் பாதை ஆற்றோரமாகவே போகிறது, முழுக்கத் தளம் போட்டது. மகன் இப்போதே அங்கேயும் கோடி முத்திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.