டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

டிகிரி கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, ஐ.நா.வுல வேலைக்குப் போகணும்னா டெவலப்மெண்ட் ஸ்டடீஸ்தானே படிக்கணும்?" மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்து, தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் அதைப் படித்தவள் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். 90 அடி ரோட்டில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் எழுதிவிடுகிறேன். டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் என்றால், நாடுகளும் மக்களும் வறுமையிலிருந்து முன்னேறுவது எப்படி என்று ஆராயும் படிப்பு.

படிக்கலாம். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் கைகொடுக்கும் வித்தை இந்தப் படிப்பில் ஒன்றுதான் என்பது என் முடிவு. ஒரு தெருவில் குடியிருப்பவர்களை, அவர்களையும் சேர்த்துக்கொண்டு, சரியாகக் கணக்கெடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாடத்திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காலனி நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்தபோது உருவான துறை இது. 1949-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் பின்தங்கிய நாடுகளுக்கு உதவப் போவதாக அறிவித்தார். 1952-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், 1966-ல் இங்கிலாந்தின் சசெக்ஸிலும் இதற்கென்றே நிறுவனங்கள் வந்தன. முதலில் பேச்செல்லாம் தேசிய வருமானத்தைப் பற்றித்தான். 1990-ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் சிந்தனையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐ.நா.வின் முதல் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். ஒரு நாட்டுக்காரர்கள் எத்தனை வயது வரை வாழ்கிறார்கள், எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதும் அதில் கணக்கில் சேர்ந்தது. இந்தப் பாடம் நடந்த அன்று எனக்கு வகுப்பை விட்டு எழுந்து வரவே மனசில்லை. எதை அளக்கிறோம் என்பதை மாற்றினால் அரசாங்கம் பார்க்கும் பார்வையே மாறும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. 2015-ல் வந்த ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளும் அந்த வழியில் வந்தவைதான்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். ஜோக்கின் அற்புதத்தைத் தெரியாமல் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பிழைப்புக்கு மும்பை வந்து, மான்குர்ட் ஜனதா காலனியில் குடியிருந்தவர். 1976-ல், எமர்ஜென்சி நேரத்தில், அந்தக் காலனியை இடித்து எல்லோரையும் சீத்தா கேம்புக்கு அனுப்பினார்கள். இடிப்பதற்கு எதிராக நின்ற ஆள் அவர். தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கியவரும் அவரே.

1985 ஜூலையில் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிழைக்கும் உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது, ஆனால் மழைக்காலம் முடிந்ததும் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பு பைகுல்லா பக்கம் நடைபாதையில் குடியிருந்தவர்களைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. யார், எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று தாளில் ஏறிய பிறகு, நேற்று ராத்திரி வந்து படுத்தவர்கள் என்று அவர்களை ஒதுக்கிப் பேச முடியாமல் போனது. அந்த நடைபாதைப் பெண்கள்தான் பிறகு மகிளா மிலன் என்று திரண்டார்கள். அவர்களும் ஸ்பார்க்கும் ஜோக்கினின் கூட்டமைப்பும் கைகோத்த பின், மக்களே சேர்ந்து கணக்கெடுக்கும் இந்த வழி தென்னாப்பிரிக்கா வரை போனது. 1996-ல் பல நாட்டுக் குடிசைவாசிகள் சேர்ந்து ஒரு சர்வதேச அமைப்பே தொடங்கினார்கள். 2000-ல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் காலமானார். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இன்றைக்கு இதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

படிக்கும்போது எங்களைக் களப்பணிக்கு அனுப்புவார்கள். நான் சென்றது என் சொந்தத் தாராவிக்கே, ஆனால் எனக்குப் பழக்கமில்லாத பகுதிக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வீடு. கீழே மாமியாரும் சின்ன மகன் குடும்பமும். வெளியே சாய்த்திருந்த இரும்பு ஏணியில் ஏறினால் தகர ஷீட் போட்ட மேல்வீடு, அங்கே பெரிய மகன் குடும்பம். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இலக்கணம். படிவத்தை வைத்துக்கொண்டு அந்த ஆச்சியிடம் கேட்டேன்: "சமையல் ஒண்ணாவா, தனியாவா?"

திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம கறி எடுத்தா ஒண்ணாத்தான் ஆக்குவோம். மத்த நாளு அவ அவ அடுப்புதான். நீ எப்பிடித்தா எழுதப் போற?"

எப்படி எழுதுவது என்பது சின்னக் கேள்வி இல்லை. மகாராஷ்டிராவில் குடிசை மாற்றுத் திட்டங்களில் இலவச வீட்டுத் தகுதிக்கான கெடு தேதி 1-1-2000. அதற்கு முன்பே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு விதி, பின்னால் வந்தவர்களுக்கு வேறு விதி, மேல்வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு விதி. ஒரு குடும்பம் என்று எழுதினால் ஏணிக்கு மேலே இருப்பவர்கள் தாளிலேயே இல்லாமல் போவார்கள். நான் இரண்டு குடும்பம் என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சமையலைப் பக்கத்திலேயே குறித்தேன். எழுதியதை ஆச்சிக்கும் மேலே இருந்த மருமகளுக்கும் வாசித்துக் காட்டினேன். மருமகள் ஏணியில் பாதி இறங்கி நின்று, ரேஷன் கார்டு மாமியார் பேரில் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன். எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித் தரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு கென்யாவின் நைரோபியில் முக்குரு என்ற குடிசைப் பகுதிக்குப் போனேன். 2017-ல் நைரோபி மாவட்ட அரசு அதைச் சிறப்புத் திட்டப் பகுதியாக, அதாவது தனியாகத் திட்டம் போட்டு மேம்படுத்த வேண்டிய இடமாக, அறிவித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள். கணக்கெடுப்பில் அந்தப் பகுதி மக்களே முன்னால் நின்றார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். தகர வீடுகளின் சொந்தக்காரர்களோ வேறு இடத்தில். நம் தாராவி அனுபவத்தை அப்படியே அங்கே இறக்கினால் எடுபடாது. வீட்டு உரிமை யாருக்கு என்ற கேள்வியையே அங்கே வேறு விதமாகக் கேட்க வேண்டும். ஆனால் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறவர்கள், குழாய் வைத்த பணக்கார வீட்டைவிட லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டதும், எங்கள் சந்தில் அம்மா தண்ணீருக்கு மாசாமாசம் யாரிடம் பணம் கொடுத்தார் என்பது ஞாபகம் வந்தது. எங்கே கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஸ்வாஹிலி தெரியாமலேயே முதல் வாரம் ஓடியது அதனால்தான்.

சரி, வேலை விஷயம். இப்போது காலம் கஷ்டமானதுதான், அதை மறைக்க மாட்டேன். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திவிட்டது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப் போகிறது. இந்தப் பணத்தில் நடந்த திட்டங்களில் இருந்த என் நண்பர்கள் சிலர் ஒரு மின்னஞ்சலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ கைக்காசு போட்டுத்தான் தங்க வேண்டும். நம் வீடுகளில் யாரால் முடியும்? அது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஐ.நா. வேலைக்கு இளைஞர்களை எடுக்கும் இளம் தொழில்வல்லுநர் தேர்வுக்கு 32 வயது வரம்பு உண்டு. அந்த வருஷம் பட்டியலில் இருக்கும் நாடுகளின் பிரஜைகள்தான் எழுத முடியும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இப்படி இருந்தும் படி என்று ஏன் சொல்கிறேன்? பணம் கொடுப்பவர் மாறினாலும், யாருக்கு என்ன இல்லை என்று நேர்மையாக எண்ணிச் சொல்லும் ஆள் எல்லோருக்கும் தேவை. மாநகராட்சிக்குத் தேவை, 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கம்பெனிகளுக்குத் தேவை, நைரோபிக்காரர்களுக்கும் தேவை. அதனால் கோர்ஸ் தேடும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும் முன், களப்பணி எத்தனை வாரம், புள்ளியியல் கட்டாயப் பாடமா என்று பாருங்கள். புள்ளியியலுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். கணக்கெடுப்புக்கான கோபோ டூல்பாக்ஸ், வரைபடம் போடும் க்யூஜிஸ் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இன்றைக்கே கற்க ஆரம்பிக்கலாம். மும்பையில் வளர்ந்த உங்களுக்குத் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் வாயில் இருக்கிறது, அது பெரிய சொத்து. மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் ஆசை இருந்தால் பிரெஞ்சும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: இருக்கிற ஒரு வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் போகாதீர்கள். முதலில் இங்கே படித்து இரண்டு வருஷம் வேலை பாருங்கள். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் படிக்க அந்த நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கே இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து தாத்தா காலத்துக் காகிதம் வர மாசக்கணக்கில் ஆகும். தேவ்னார் படிப்புக்கு இப்போது க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம். உங்கள் சந்தில் எத்தனை குழாய், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், அதில் மேல்வீட்டுக்காரர்கள் கணக்கு என்ன என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். தமிழில் எழுதினாலே போதும். அதை வைத்துப் பேச ஆரம்பிக்கலாம்.