சல்போலீனைச் சூடாக்கி இரண்டு முறை

சல்போலீன் சோதனையை நான் இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. பார்க்க வெறும் வெள்ளைப் பொடிதான். நான்கு கார்பன், ஒரு கந்தகம் என ஐந்து அணுக்கள் கொண்ட வளையம்; கந்தகத்தோடு இரண்டு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகச் சூடாக்கினால் சல்பர் டை ஆக்சைடு ஒரு பக்கம், பியூட்டாடையீன் ஒரு பக்கம் எனப் பிரிந்துவிடும்.

எனக்கு வேண்டியது பியூட்டாடையீன். அது சுமார் மைனஸ் 4 டிகிரியிலேயே கொதித்துவிடும் வாயு, புற்றுநோய் அபாயம் வேறு. அதனால் சல்போலீனைப் பொடியாக எடை போட்டு, சைலீன் என்ற கரைப்பானில், பியூட்டாடையீனோடு இணையக்கூடிய மாலியிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். சைலீன் 140 டிகிரி வாக்கில் கொதிக்கும். வளையம் உடைய அது போதும். வெளிவரும் பியூட்டாடையீனை அன்ஹைட்ரைடு அங்கேயே பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து உருவாகும் படிகம் 103-104 டிகிரியில் உருக வேண்டும்.

ஃப்யூம் ஹுட்டில் (நச்சு வாயுக்களை உறிஞ்சி வெளியேற்றும் அறையில்) எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைக்கும் கண்டன்சரின் மேல்வாயில் அமிலத்தில் நனைத்த டைகுரோமேட் காகிதத்தைக் காட்டினேன். ஆரஞ்சு ஓரம் முதலில் அழுக்காகி, அப்புறம் பச்சையானது. சல்பர் டை ஆக்சைடு வருகிறது! அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ள, குழாய் வழியாகக் காஸ்டிக் சோடா கரைசலுக்குள் விட்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்தேன். குடுவை குளிர, உள்ளே அழுத்தம் இறங்க, கரைசல் குழாயில் மேலேறியது. நான் பாய்ந்து குழாயைப் பிடுங்குவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. அன்ஹைட்ரைடுக்குத் தண்ணீர் ஆகாது, அமிலமாக மாறிவிடும். கிடைத்த பொருள் 104 டிகிரி தாண்டியும் உருகவில்லை.

இரண்டாம் முறை நடுவில் ஒரு காலிக் குப்பி வைத்தேன். அணைக்கும் முன் குழாயையும் கழற்றினேன். சூட்டையும் மெதுவாகவே ஏற்றினேன். அவசரப்பட்டால் பியூட்டாடையீன் வினைபுரியாமலே பறந்துவிடும். இம்முறை படிகங்கள் 103 டிகிரியில் உருகின. அப்பாடா!

மிச்ச நேரத்தில் சல்போலேனையும் சைலீனில் போட்டுப் பார்த்தேன். அதே வளையம்தான், இரட்டைப் பிணைப்பு மட்டும் கிடையாது. சல்போலீனில் அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் நகர்வதால்தான் கந்தகத்தின் இரண்டு பிணைப்புகளும் ஒரே நேரத்தில் விடுபடுகின்றன. இதில் அந்த வழியே இல்லை. அரை மணி நேரம் கொதித்தும் காகிதம் ஆரஞ்சாகவே இருந்தது.